இரண்டாம் பக்கத்தில் சிவகிரி

சிவகிரி மட்டும் இன்னும் வரவில்லை. மற்ற இருபதும் வந்துவிட்டன, முதலில் பாளையங்கோட்டை, அப்புறம் தென்காசி, அம்பாசமுத்திரம், கடையநல்லூர் என்று ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கு முன்னாலும் மஞ்சளாக இருந்த வட்டம் பச்சையாகிக்கொண்டே வந்தது, நான் எப்போதும்போலக் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம், பதினான்கு வருஷமாக ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. இருபது ஊரில் இருபது சின்ன அறை, ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர், அந்த ஊர் டயாலிசிஸ் மையத்தில் வந்து படுக்கிற அத்தனை பேருடைய விவரமும் அதற்குள். இங்கே பாளையங்கோட்டைத் தலைமை அலுவலகத்தில், இரண்டாம் மாடியில், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தெரிகிற இந்த மேஜையில் உட்கார்ந்து நான் ஒரு பட்டனை அமுக்கினால் இருபதும் அணைந்து, புது மென்பொருளை விழுங்கி, தானே எழுந்து வந்து வருகைப் பதிவு கொடுக்கும். யாரோ முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த கட்டுப்பாட்டுத் திரை, கன்சோல் இது, அவர்களை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். காலையில் காலண்டரைக் கிழிக்க மறந்துபோகிற ஒருத்தி கையில் இருபது ஊரைக் கொடுத்துவிட்டுத் தைரியமாகப் போயிருக்கிறார்களே. இருபதாவது வட்டமும் பச்சையானதும் டிபன் பாக்ஸைத் திறந்தேன், எலுமிச்சை சாதம், ஒரு வாய் எடுத்து வைக்கும்போதுதான் திரையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். 21இல் 20 தயார். இருபத்தொன்றா என்று நினைத்தேன். பக்கத்திலேயே இன்னும் சின்னதாக ஒரு 2 இருந்தது, இரண்டாம் பக்கம், அதைத் தொட்டேன். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி, சிவகிரி, முன்னால் மஞ்சள் வட்டம். மணி இரண்டு பதினொன்று.

இந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு இருபது பெயர்தான் காட்டும். பதினான்கு வருஷத்தில் இரண்டாம் பக்கம் எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை, இருபதுக்கு மேல் மையம் இருந்ததில்லை, போன மாதம் சிவகிரி திறந்தார்கள், திறந்த வரிசைப்படி அது இருபத்தொன்றாவது, ஆகவே தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. போனது எனக்குத் தெரியும். அதைச் சேர்த்ததே நான்தான். மற்ற மையங்களில் காலை ஷிப்ட் ஒன்றரைக்கு முடிந்து அடுத்தது மூன்றுக்குத்தான் தொடங்கும், நடுவில் கட்டில் காலி, அந்த இடைவெளியில்தான் நாங்கள் அணைத்து எழுப்புவது. சிவகிரியில் அப்படி இல்லை, மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள், கடைசி பஸ் ஆறரைக்குப் போய்விடும், அதனால் அங்கே இரண்டு மணிக்கே அடுத்த நாலு பேரைப் படுக்க வைத்தாக வேண்டும். ஆகவே சிவகிரியை இன்று தொடக்கூடாது, நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகச் செய்வது என்று நானே முடிவு பண்ணி, நானே அங்குள்ள சிஸ்டரிடம் போனில் சொல்லி, நானே நோட்டீஸ் போர்டில் எழுதி வைத்தேன், அதோ எதிரே தொங்குகிறது என் கையெழுத்து. தொடவில்லை என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குத் தெரிந்த இருபதுக்கும் சேர்த்து மேலே இருக்கிற ஒரே பெட்டியில் டிக் போட்டேன், அந்தப் பெட்டிக்கு அர்த்தம் எல்லாம், கண்ணுக்குத் தெரிகிற எல்லாம் இல்லை, எல்லாம். கன்சோல் என்னை ஏமாற்றவில்லை. கேட்டது. 21 சர்வர்கள், தொடரலாமா என்று நடுத்திரையில் பெட்டி போட்டுக் கேட்டது, நான் அந்த இருபத்தொன்றைப் படித்தேன், படித்தது நினைவிருக்கிறது, இருபத்தொன்று என்று மனசுக்குள் சொன்னதுகூட நினைவிருக்கிறது, ஆனால் கை அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. இருபத்தொன்று என்ற எண்ணைப் படித்துக்கொண்டே இருபது என்று நம்ப ஒருத்தியால் முடிகிறது.

ஞானையா இருந்திருந்தால் நடந்திருக்காது. ஞானையா என் பக்கத்து மேஜை, நானும் அவனும் ஒரே வருஷம் சேர்ந்தோம், இன்று அவன் கொழுந்தியாளுக்கு நாசரேத்தில் கல்யாணம், லீவு. மேலே இருக்கிற பெட்டியை அவன் வாழ்நாளில் தொட்டதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக டிக் போடுவான், போடும்போது விரலால் திரையைத் தொட்டு ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லுவான், தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர், பஸ் கண்டக்டர் மாதிரி, திரை முழுக்க அவன் கைரேகை. அவன் சொல்ல நான் "சரி" சொல்ல வேண்டும், அப்போதுதான் அடுத்தது. பதினான்கு வருஷமாக நான் அவனைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், ஏன்டா, டிக்கெட் கிழிச்சுக் கொடுக்க வேண்டியதுதானே என்று. அவன் கோபித்துக்கொண்டதே இல்லை, சிரித்துவிட்டு அடுத்த ஊரைச் சொல்லுவான். இன்று அறையில் யாரும் இல்லை, நான் மட்டும், ஆளில்லாத அறையில் ஊர்ப் பெயரைக் கத்துவதற்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். கூச்சம். விசாரணை என்று வந்தால் காரணம் என்ற கட்டத்தில் கூச்சம் என்றுதான் எழுத வேண்டும்.

சரி, இப்போது சிவகிரியில் என்ன நடக்கும், நிதானமாக யோசி இசக்கி. டயாலிசிஸ் மெஷின் நிற்காது, அது தனி, அதற்கும் சர்வருக்கும் சம்பந்தமில்லை. போய்விட்டது ஷீட் மட்டும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஷீட், உடம்பிலிருந்து இன்று எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், எந்தக் கையில் ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் எவ்வளவு, எல்லாம் அதில். ஷீட் இல்லையென்றால் என்ன, வாரத்துக்கு மூன்று தடவை வருகிறவர்கள்தானே, சிஸ்டருக்கு மனப்பாடமாகத் தெரியாதா என்று யாராவது கேட்கலாம், தெரியும், தெரிவதுதான் பயம். சுடலைமுத்து என்று ஒருவர், அறுபது வயது, சிவகிரியின் முதல் நோயாளி, போன மாதம் நான் சர்வரை வைக்கப் போயிருந்தபோது அவருடைய ஷீட்டை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "எங்க எல்லாரு ரத்தமும் இந்தப் பொட்டிக்குள்ளயா ஓடுது?" என்று கேட்டார், இல்லை, உங்க பேர் மட்டும்தான் என்றேன், "பேராவது ஏ.சி.ல இருக்கட்டும்" என்றார். அவருக்கு இரண்டு நாளாக மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது, அதனால் ஹெப்பாரின் கொடுக்கவே கூடாது என்று இன்று காலை பத்தரை மணிக்குத்தான் கீழ்மாடியில் டாக்டரம்மா அவர் ஷீட்டில் மாற்றி எழுதினார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதைச் சிவப்பு எழுத்தில் போட வரவில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார். நான் போய்ச் சிவப்பாக்கிக் கொடுத்தேன். டாக்டரம்மா போனில் மருந்து சொல்ல மாட்டார், போனில் சொன்னால் ஆளுக்கு ஒன்றாகக் கேட்கும் என்பார், எல்லாம் ஷீட்டில்தான். ஷீட் சர்வரில். சர்வர் மஞ்சளில். சிஸ்டர் ஒரு மாதப் பழக்கத்தில், மனப்பாடத்தில், வழக்கமான அளவை ஊசியில் ஏற்றினால் சுடலைமுத்துவுக்கு உள்ளே கசிகிற ரத்தம் நிற்காது. இதைத் தடுக்க ஒரு பேப்பர் போதும். அந்தப் பேப்பரும் இருக்காது, ஏனென்றால் பேப்பரில் எழுதி வைக்கக் கூடாது, நோட்டு வைத்திருந்தால் பழைய அளவும் புது அளவும் குழம்பும், எல்லா மையத்திலும் நோட்டுகளை ஒழித்துவிடுங்கள் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் சுற்றறிக்கை அனுப்பியது யார். நான்தான். இரண்டு பக்கம், அழகாக டைப் பண்ணி.

மையத்தின் போனுக்கு அடித்தேன், செத்துக் கிடக்கிறது, கிடக்காமல் என்ன செய்யும், அந்தப் போனும் அதே சர்வர் வழியாகத்தான் பேசும், அதைச் சிக்கனம் என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டவளும் நானே. சிஸ்டரின் செல்லுக்கு அடித்தேன். மணி போகிறது, போகிறது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அணைந்து கிடக்கிற சர்வரை இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, இதுதான் இந்தக் கன்சோலின் வேடிக்கை, விழித்திருக்கிற சர்வருக்கு நான் ராணி, கண்ணை மூடிவிட்டால் நான் யாரோ. மற்றவை ஐந்து நிமிஷத்தில் எழுந்தபோது இது ஏன் எழவில்லை என்றால், நேற்று அங்கே மின்சாரம் இரண்டு தடவை போய் வந்திருக்கிறது, அதனால் எழும்போது தன் டிஸ்க்கை முழுக்க ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழும், பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். அது சரிபார்ப்பது எனக்குப் பிடிக்கும், சாதாரணமாக ரொம்பப் பிடிக்கும், ஒரு வரி விடாமல் எண்ணிப் பார்த்து, கெட்டதை ஒதுக்கி வைத்துவிட்டு, முழுசாக இருக்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்கும், மனுஷர்களில் அப்படி யார் இருக்கிறார்கள், நான் இல்லை, ஞானையா இருக்கிறான். இன்று மட்டும் கொஞ்சம் அரைகுறையாக எழுந்து வாயேன் என்று கெஞ்சலாக இருந்தது. அப்போது போன் அடித்தது, பாய்ந்து எடுத்தேன், அம்மா. அம்மாவும் டயாலிசிஸ்காரிதான், இதே பாளையங்கோட்டை மையத்தில் காலை ஷிப்ட், முடிந்ததும் தம்பி வந்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பான். "ஏட்டி, ஒரு வாய் எளநி குடிச்சா என்ன ஆயிரப் போவுது? உன் தம்பி வெட்டி வச்சிக்கிட்டுத் தர மாட்டேங்கான்." யம்மா, கூடாதும்மா, உனக்கு அது விஷம், போனை வை என்றேன். "ஒரு வாய்தான கேக்கேன்." வைம்மா, லைன்ல ஆள் வரணும் என்று நானே வைத்துவிட்டேன். அம்மா ஒரு தடவை இந்த அறைக்கு வந்திருக்கிறாள், திரையைப் பார்த்துவிட்டு, இதுல நான் எங்கட்டி இருக்கேன் என்று கேட்டாள், முதல் வரியில் பச்சை வட்டத்தைக் காட்டினேன், இதா, நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சுடலைமுத்துவுக்கும் வீட்டில் யாராவது இளநீரை ஒளித்து வைக்கிறவர்கள் இருப்பார்கள்.

சிவகிரி சிஸ்டர் பேர் பாத்திமுத்து. கடையநல்லூர்க்காரர், அங்கே ஆறு வருஷம் இருந்துவிட்டு, புது மையத்துக்கு அனுபவசாலி வேண்டும் என்று போன மாதம் இவரை மாற்றினார்கள். இந்த ஆறு வருஷத்தில் அவரோடு நான் பேசியதெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை ஒரே பேச்சு, இரண்டாம் சனிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு நான் கூப்பிடுவேன், கட்டில் காலியா சிஸ்டர், காலி மேடம், அமுக்கட்டுமா, அமுக்குங்க, பின்னால் ஞானையா ஊர்ப் பெயரைக் கத்துகிற சத்தம் அவருக்கும் கேட்கும். அவ்வளவுதான். சர்வரை வைக்கப் போனபோதுதான் முதல் தடவையாக அவர் வேலை செய்வதைப் பார்த்தேன், ஒரு முழு மதியம். ஒரு கிழவியின் கையில் நரம்பு கிடைக்கவில்லை, இவர் அவசரமே படவில்லை, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் அந்தக் கையின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டே கிழவியிடம் பேத்தியின் பரீட்சையைப் பற்றி விசாரித்தார், பரீட்சையில் என்ன மார்க் என்று கிழவி சொல்லி முடிக்கும்போது ஊசி உள்ளே இருந்தது, கிழவிக்கே தெரியாது. நாலு மெஷினும் ஒரே நேரத்தில் கத்தினால் எதற்கு முதலில் போக வேண்டும் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும் அவருக்கு, சத்தத்திலேயே தெரியும், எந்தக் கன்சோலும் கிடையாது. நான் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், இவ்வளவு கெட்டிக்காரியிடம் ஆறு வருஷமாகக் கட்டில் காலியா என்று மட்டும் கேட்டிருக்கிறேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. இப்போது அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினை. தட்டுத்தடுமாறுகிற சிஸ்டராக இருந்தால் ஷீட் வரும்வரை காத்திருப்பார். இவருக்கு எல்லாம் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு செய்வார், சுடலைமுத்துவுக்கு வழக்கமான அளவு என்னவென்று இவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். காலையில் சிவப்பாக்கிய வரியை அவர் பார்த்தாரா. காலை ஷிப்ட் பரபரப்பில் மதியம் வருகிறவர் ஷீட்டை யார் திறந்து பார்ப்பார்கள். இரண்டு மணிக்குத் திறந்தால்தான் உண்டு, இரண்டு ஆறுக்கு நான் அணைத்துவிட்டேன், இரண்டுக்கும் இரண்டு ஆறுக்கும் நடுவில் திறந்திருந்தால் பிழைத்தோம், இல்லையென்றால், திரையைப் பார்க்கிறேன், மஞ்சள், மணி இரண்டு பத்தொன்பது, எலுமிச்சை சாதம் திறந்தபடியே இருக்கிறது, மூட வேண்டும், கை போகவில்லை, எல்லா ஊரும் பச்சையாக இருக்கிற அந்த முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக மனசு அடித்துக்கொள்கிறது, போகவில்லை, இந்த ஒற்றை வரியின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன், சிவகிரி, சிவகிரி. மறுபடி செல்லுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இரண்டு இருபத்திரண்டுக்கு அதுவே அடித்தது.

"மேடம், மூணு மிஸ்டு கால் கெடக்கு. கையில கிளவுஸ் மேடம், எடுக்க முடியல."

"சிஸ்டர், சுடலைமுத்து."

"படுத்திருக்காரு. மெஷின் ஓடுது."

"ஹெப்பாரின்?"

"குடுக்கல மேடம். காலையில டாக்டரம்மா வேண்டாம்னு போட்டிருக்காவல்லா, செவப்புல. அது இல்லாமத்தான் ஓட்டுதேன், அர மணிக்கொரு தடவ சலைன் விட்டுக் குழாயக் கழுவணும், இல்லன்னா ரத்தம் ஒறஞ்சிரும், அதுக்குத்தான் பக்கத்துலயே நிக்கேன்."

சர்வர் போயிருச்சு சிஸ்டர், நான்தான் தப்பா அமுக்கிட்டேன் என்று சொன்னேன். "ஆமா, போயிருச்சு" என்றார், மழை வந்துவிட்டது என்பதுபோல. "நான் ஒரு மணிக்கே நாலு பேரு ஷீட்டையும் நோட்டுல எழுதி வச்சிட்டேன்." நோட்டா என்று கேட்டேன். "கோவிச்சுக்காதீங்க மேடம். நோட்டு கூடாதுன்னு நீங்க சொன்னது தெரியும். ரெண்டாஞ் சனிக்கிழம மட்டும் எழுதுவேன், கடையநல்லூர்லயும் அப்படித்தான். மூணு மணிக்குச் சர்வர் வந்துட்டுன்னா அந்தத் தாள கிழிச்சுப் போட்டுருவேன். குழப்பம் வராது."

"ஆறு வருஷமா?"

"ஆமா மேடம்."

ஆறு வருஷம், எழுபத்திரண்டு சனிக்கிழமை, நான் அமுக்குங்க என்ற ஒரு சொல்லைக் கேட்டு அமுக்கிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தில் ஒருவர் நான் தவறிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தாளை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், ஒன்றுகூடத் தேவைப்படவில்லை, எழுபத்திரண்டையும் கிழித்துப் போட்டிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு எப்படிச் சும்மா இருந்தார். பிறகுதான் ஒன்று இடித்தது. "சிவகிரிக்கு நாளைக்குன்னுதானே சிஸ்டர் உங்ககிட்டச் சொல்லியிருந்தேன்? இன்னைக்கு எதுக்கு எழுதுனீங்க?"

போனில் பின்னால் ஒரு மெஷின் மெல்லக் கூவிவிட்டு நின்றது. பாத்திமுத்து சிஸ்டர் சிரித்தமாதிரி இருந்தது.

"நாளைக்குன்னுதான் சொன்னீங்க மேடம். ஞானையா சாருக்கு இன்னைக்கு லீவுன்னும் சொன்னீங்க."

நானும் சிரித்துவிட்டேன், சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன். அந்தத் தாளைக் கிழிக்காதீங்க என்று சொன்னேன். "ஏன் மேடம், பிரச்சனையா வருமா?" வராது, எனக்கு வேணும், அப்படியே அனுப்பி வைங்க என்றேன், சரி என்று வைத்தார், சலைனுக்கு நேரமாகியிருக்கும். இரண்டு இருபத்தேழுக்கு வட்டம் பச்சையானது, டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை என்று சர்வர் எழுதியது, நல்ல சர்வர், அதைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. எழுந்து, ஆளில்லாத அறையில், விரலால் திரையைத் தொட்டுச் சிவகிரி என்று சத்தமாகச் சொன்னேன், சொன்ன சத்தம் எனக்கே கேட்டது, கூச்சமாகத்தான் இருந்தது, பரவாயில்லை. முதல் பக்கத்துக்குப் போய் இருபதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு பதிவேட்டைத் திறந்தேன். தவறு என்ற கட்டத்தில் இரண்டாம் பக்கத்தைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் டிக் போட்டது, செய்தவர் இசக்கியம்மாள் என்று எழுதினேன். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், அதற்கும் ஒரு வரி. பாதிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் வழக்கமாக மையம் செயல்படவில்லை என்று எழுதுவோம், கை அதைப் பாதி எழுதியும்விட்டது, அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: 2.06 முதல் 2.27 வரை சிவகிரியில் சர்வர் வேலை செய்யவில்லை. சிவகிரி வேலை செய்தது.